நட்ட முடி கொட்டிய மூன்றாம் வாரம்

திருப்பதியில் இப்போது தெருவுக்கு ஒரு முடி கிளினிக். அங்கே தலை கழுவிவிடவும் கட்டுப் பிரிக்கவும் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, இது உங்களுக்கு. நான் சித்தூரில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் முப்பது வருஷம் ஆயா வேலை பார்த்தவள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. இதை எழுதும் கை என் பேத்தியுடையது, வாய் என்னுடையது. எங்கேயாவது நாகரிகமாக இருந்தால் அது அவள் செய்த வேலை.

மாடு முட்டிக் குடல் சரிந்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். தலைப்பிள்ளைக்காரி இரண்டு நாள் வலியில் துடித்துவிட்டு, எழுந்ததும் டீ கேட்டதைப் பார்த்திருக்கிறேன். தலையணையில் பத்து முடியைக் கண்டுவிட்டு ஒரு ஆண்பிள்ளை போட்ட ஒப்பாரிக்கு முன்னால் அவர்களெல்லாம் ஒன்றுமே இல்லை. அந்த ஒப்பாரியை நிறுத்தவும் உங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அதை வேலைக்குச் சேர்க்கும்போது சொல்லியிருக்க மாட்டார்கள்.

எழுபதுகளின் கடைசி. ஆண்பிள்ளைகளின் பெல்பாட்டம் தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்த சமயம். ஒரு நாள் காலையில் எங்கள் வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. இறங்கியவன் தலையில் துண்டு, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. பெயர் தணிகாசலம். புத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், பம்பாயில் இஞ்சினியர். ரயிலில் வந்தவன் புத்தூரில் இறங்கினால் ஊர்க்காரன் எவனாவது பார்த்துவிடுவான் என்று ரேணிகுண்டாவிலேயே குதித்துச் சித்தூருக்கு ஓடி வந்திருக்கிறான். கொலை செய்தவன்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டான்.

கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கோடு இருந்தது. நெற்றி வீங்கி, அந்த வீக்கம் இறங்கி வந்து இமைமேல் உட்கார்ந்திருந்தது.

“தேனீ கொட்டிச்சா நைனா?”

“இல்ல ஆயா. ஆபரேசன்.”

“கண்ணுலயா?”

“தலையில. முடி நட்டிருக்குது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பெரிய சிஸ்டர் பின்னால் நின்று ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பை விழுங்கிக்கொண்டு கட்டைப் பிரித்தேன்.

இப்போது உங்கள் டாக்டர்கள் ஒவ்வொரு முடியாக ஊன்றுகிறார்களாம். அந்தக் காலத்தில் அப்படி இல்லை. பின்மண்டையில் துவரம்பருப்பு அகலத்துக்கு வட்ட வட்டமாகத் தோலும் முடியுமாகத் தோண்டுவார்கள். முன்னால் வழுக்கையில் அதே அளவுக்குக் குழி வெட்டி, அதில் இதை உட்காரவைத்து இறுக்கிக் கட்டிவிடுவார்கள். உச்சியிலிருந்து நெற்றிவரை வரிசை வரிசையாகப் பொருக்கு. ஒவ்வொரு பொருக்கிலும் குச்சி குச்சியாக நாலைந்து முடி. பின்மண்டை அம்மை போட்டுத் தணிந்த மாதிரி இருந்தது. முன்பக்கம் நாற்று நட்ட வயல்.

“எத்தினி நாளு ஆச்சி?”

“அஞ்சு.”

“இங்க இன்னாத்துக்கு வந்த? ஊட்டுக்குப் போவலாமில்ல?”

“இன்னும் ஆறு நாள்ல கல்யாணம் ஆயா.”

கதை இதுதான். பெண் பார்க்க இவன் போகவில்லை. அம்மாக்காரி மட்டும் ஒரு போட்டோவை எடுத்துக்கொண்டு திருச்சானூரில் பெண் வீட்டுக்குப் போயிருக்கிறாள். போட்டோ காலேஜில் சேர்ந்தபோது எடுத்தது. அதில் இவன் தலையில் இருந்த முடிக்கு இரண்டு சீப்பு வேண்டும். அந்தப் போட்டோவுக்குத் தகுந்த மாதிரி தலையைத் தயார் செய்துகொண்டு வந்திருக்கிறான் இஞ்சினியர். நட்ட அன்றைக்கே முடி குச்சியாக நிற்கிறதே, அது அப்படியே நீளும் என்று கணக்குப் போட்டிருக்கிறான். இவன் கட்டுகிற பாலத்தில் யாரும் நடக்காமல் இருக்கவேண்டும்.

பம்பாய் டாக்டர் இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு தாளைக் கொடுத்து அனுப்பியிருந்தார். சிஸ்டர் அதைப் பார்த்து எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கவேண்டும். குனியக்கூடாது. வீக்கம் தானாக வடியும். தலை மரத்துப்போயிருக்கும், மாசக்கணக்கில் அப்படித்தான். அரிக்கும், கை வைக்கக்கூடாது. பொருக்கை உரிக்கக்கூடாது, அதுவாக விழும். தாளின் அடிக்கு வரும்போது ஒரு பிரசவ கேஸ் வந்து இறங்கியது. சிஸ்டர் தாளை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். நான் அதை நாலாக மடித்து அவன் கேஸ் கட்டில் செருகிவைத்தேன். இந்த மடிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு நாளும் அவனைக் காத்தேன். பச்சைக் குழந்தைக்குத் தலை நிற்காது என்று தாங்குவோமே, அப்படி. குனியாதே என்றால் செருப்பைத் தேடிக் குனிவான். முடி நட்ட எட்டாம் நாள் அரிப்பு எடுத்தது. சொல்லிப் பார்த்துவிட்டு, இரண்டு கையிலும் அவனுடைய காலுறையையே மாட்டிக் கட்டிவிட்டேன். அதோடு உட்கார்ந்து ஒருநாள் முழுக்கக் கண்ணாடி பார்த்தான். ஊரிலிருந்து வந்துவிட்ட அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, “எம் புள்ளைக்கி சூட்டு ஒடம்பு, அதான் முடி தங்கல” என்று வருகிற போகிற நர்ஸுகளிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது கேட்டான்: “ஆயா, இனிமே ஒண்ணும் ஆவாதே?”

“ஒண்ணும் ஆவாது. ராசா மாதிரி போ.”

முப்பது வருஷத்தில் நான் பேசியதிலேயே மட்டமான பேச்சு அதுதான். எனக்கு என்ன தெரியும், முடி நடுவதை முதல்தடவையாகப் பார்த்தவளுக்கு? அவன் நச்சரிப்புத் தாங்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன். தெரியாததற்குத் தைரியம் சொல்வது நமக்கெல்லாம் ரொம்பச் சுலபம்.

அம்மாக்காரிக்குப் பயம். கல்யாணத்துக்கு என்னையும் வரச்சொன்னாள், சித்தூர்ச் சொந்தக்காரி என்று சொல்லிக்கொள்ளலாமாம். சிஸ்டரிடம் கேட்டேன்.

“போ ஞானம்மா. புண்ணப் பாத்துக்க. பொய் மட்டும் சொல்லாத.”

“மாப்பிள்ளைக்கி இன்னா ஒறவுன்னு கேட்டா?”

“சிரி. உனக்கு அதுதான் நல்லா வருமே.”

திருச்சானூர் மண்டபத்தில் காலையில் போய் இறங்கினேன். பின்கட்டில் இரண்டு பெண்கள் அம்மியில் சீரகமும் வெல்லமும் அரைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தப் பக்கத்துக் கல்யாணத்தில் தாலிக்கு முன்னால் இதுதான் முகூர்த்தம். அரைத்த உருண்டையை வெற்றிலையில் வைத்து ஆளுக்கொன்று கொடுப்பார்கள். நடுவில் திரை பிடிப்பார்கள். திரைக்கு மேலாகக் கையை நீட்டி அவன் இவள் உச்சந்தலையிலும், இவள் அவன் உச்சந்தலையிலும் அழுத்தி வைக்கவேண்டும். மேளம் கொட்டி முடியும்வரை கையை எடுக்கக்கூடாது. பெண்ணுக்கு வெட்கமாம், அதனால் அத்தையும் சித்தியும் அவள் கைமேல் கை வைத்து நன்றாக அமுக்கிவிடுவார்கள். எங்கள் கிறிஸ்தவச் சபைக் கல்யாணத்தில் தலையில் விழுவது பூ மட்டும்தான். ஆனாலும் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான், இந்தச் சடங்கை எத்தனையோ முறை பார்த்தவள். ஆறு நாள் அந்தத் தலையைக் கையில் வைத்திருந்தும் ஒருமுறைகூட இது ஞாபகத்துக்கு வரவில்லை. பொருக்கோடு பொருக்காக வெல்லம் ஒட்டிக் காய்ந்தால், பிய்க்கும்போது நட்டது எல்லாம் கையோடு வந்துவிடும்.

அம்மாக்காரியிடம் ஓடினேன். “தலப்பாவோட வெச்சிடச் சொல்லு” என்றாள். ஐயர் ஒத்துக்கொள்வாரா? கழற்றச் சொல்வார், ஊரே பார்க்கும். அவனிடம் சொன்னேன். அவனுக்கு வியர்த்தது, அவ்வளவுதான். அவன் படிப்பில் வியர்ப்பதற்கு மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள் போல.

மிச்சம் இருந்தது பெண். உள்ளே போய்ப் பூ வைக்கிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்மா என்று பெயர். கெட்டிக்காரக் கண்.

“ஏம்மா, வெல்லம் வெக்கும்போது அழுத்தாத. மாப்பிள்ளைக்கி உச்சியில புண்ணு.”

“இன்னா புண்ணு?”

“கேக்காத.”

“கட்டிக்கிறவ நானு. கேக்காம?”

“ஆறிக்கினு வர்ற புண்ணு. யாருக்கும் ஒட்டிக்காத புண்ணு. அதுக்கு மேல அவரு சொல்லணும், நான் சொல்லக்கூடாது.”

என்னையே பார்த்தாள். “சரி ஆயா” என்றாள். அவ்வளவுதான்.

திரை பிடித்தார்கள். தலைப்பாகையைக் கழற்றும்போது நான் மாப்பிள்ளை பக்கம் ஒட்டி நின்றுகொண்டு, பக்கத்து முடியை மேலே இழுத்துப் பொருக்கை மூடிவிட்டேன். பத்மாவின் கை திரைக்கு மேலே வந்தது. அத்தைக்காரி அமுக்குவதற்குக் கையை நீட்டினாள். பத்மா முழங்கையால் அவளை ஒரு தள்ளு தள்ளினாள். மேளம் கொட்டுகிறது, அட்சதை விழுகிறது. அந்தக் கை அவன் தலைமேல் ஒரு விரற்கடை உயரத்தில் அப்படியே நிற்கிறது. வெற்றிலையின் நுனி மட்டும் முடியில் படுகிறது. வளையல் கிடுகிடுவென்று ஆடியது. ஐயர் போதும் என்கிறவரை அவள் இறக்கவே இல்லை. எடுத்ததும் உருண்டை நிற்காமல் அவன் தோளில் விழுந்து தரையில் உருண்டது. யாரோ ஒரு கிழவி “அய்யோ” என்றாள். என் மனசுக்குள் “அப்பாடா” என்றேன். இரண்டையும் அம்மாக்காரி கேட்டிருக்கவேண்டும், அவள் கேட்டது கிழவியை மட்டும்.

பிறகு இரண்டு வாரம் ஒரு செய்தியும் இல்லை. ஒரு நாள் மத்தியானம் பத்மா அவள் நைனாவோடு, அதாவது அப்பாவோடு, நர்ஸிங் ஹோம் வாசலில் நிற்கிறாள். முகம் வாடிப்போயிருந்தது.

“எப்பிடி எடம் கண்டுபுடிச்ச?”

“சித்தூர் சொந்தக்காரின்னாங்க. உங்க மேல ஸ்பிரிட் வாசன அடிச்சிச்சி. இது மூணாவது ஆஸ்பத்திரி ஆயா.” பிறகு அவள் கேட்டாள்: “நான் அழுத்தினேனா?”

விஷயம் மெதுவாக வந்தது. பொருக்கு விழுந்து, எல்லாம் நன்றாக இருந்ததாம். தலையில் எப்போதும் குல்லாய், புண் என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். மூன்றாவது வாரம் ஒரு காலையில் தலையணை முழுக்கக் குச்சி குச்சியாக முடி. இரண்டு நாளில் முன்பக்கம் பழையபடி பளபளப்பு. மாமியார் வாசலில் நின்று, “வெல்லம் கீழ உருண்டப்பவே தெரியும். இவ கை ஆவாத கை. எம் புள்ள தலைய மொட்டையடிச்சிட்டா” என்று கத்தி, பெட்டியோடு அனுப்பிவிட்டாள். தணிகாசலம் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

“நீ அழுத்தல” என்றேன். “ஒரு வெரல் மேலயே வெச்சிருந்த. கூட நின்னு பாத்தவ நானு.”

“அப்பறம் ஏன் கொட்டிச்சி?”

எனக்குத் தெரியவில்லை. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த சிஸ்டர் எழுந்து போய்க் கேஸ் கட்டை எடுத்துவந்தார். நாலாக மடித்த தாளைப் பிரித்தார். மேலிருந்து கீழே படித்தார். பிறகு திருப்பினார்.

பின்பக்கத்திலும் டைப் அடித்திருந்தது.

அதை அவர் மனசுக்குள்ளேயே படித்தார். அவர் முகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது. என்னைத் தனியாக அழைத்துப்போனார்.

“மூணாவது வாரம் நட்ட முடியெல்லாம் உதிர்ந்துடும்னு போட்டிருக்கு. வேர் உள்ளயே இருக்கும், மூணு நாலு மாசத்துல திரும்ப மொளைக்குமாம். ஞானம்மா, நாம திருப்பிப் பாக்கல.”

மடித்தவள் நான். ராசா மாதிரி போ என்றவளும் நான். அவர் “நாம” என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அந்த அம்மாளிடம் இன்னும் முப்பது வருஷம் வேலை பார்த்திருப்பேன்.

“இப்ப அந்தப் பொண்ணுகிட்ட இன்னா சொல்றது?” என்றேன். “அவன் ரகசியமாச்சே.”

“அவன் தலை அவன் ரகசியம். இந்தப் பொண்ணு கைமேல போட்ட பழி அவன் ரகசியம் இல்ல. தாள எடுத்துக்கினு போ. அவன் வாயாலயே சொல்ல வை.”

நானும் பத்மாவும் அவள் நைனாவும் பஸ் பிடித்துப் புத்தூருக்குப் போய், அங்கிருந்து அவன் ஊருக்கு நடந்தோம். வாசலில் அம்மாக்காரி.

“வாடியம்மா சொந்தக்காரி! இன்னா நட்டீங்க, இன்னா வெளஞ்சிச்சின்னு பாக்க வந்தியா?”

“ஆமா, அதுக்குத்தான் வந்தேன். மகன கூப்புடு.”

அனல் அடிக்கிற மத்தியானத்தில் கம்பளிக் குல்லாயோடு வந்து நின்றான். பத்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. தாளை நீட்டினேன்.

“இது ஒன் தாளு. பின்பக்கம் படிச்சியா?”

“மொத பக்கம் பாத்தேன்.”

“பம்பாய்ல இஞ்சினியருங்களுக்கு ஒரு பக்கந்தான் படிக்கத் தெரியுமா? படி. வாய் விட்டு. உங்கம்மாவுக்குப் புரியற மாதிரி படி, இங்கிலீஷ்ல தப்பிச்சிக்காத.”

அவன் கண் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. பத்மாவைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். ஓடிவிடுவான் என்றுதான் நினைத்தேன். நான் அந்த இடத்தில் பேசியிருந்தால் அவன் என்மேல் கோபப்பட்டுத் தப்பித்திருப்பான்.

“நட்ட முடி...” என்று ஆரம்பித்தான். தாளைக் கிட்டே பிடித்துக்கொண்டான். “நட்ட முடி மூணாவது வாரம் மொத்தமா கொட்டிடும். பயப்படக் கூடாது. எல்லாருக்கும் கொட்டும். நாலாவது மாசம் புதுசா மொளைக்கும்.”

அம்மாக்காரி விரல் விட்டு நாள் எண்ணினாள். எண்ணி முடித்ததும் விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“நட்ட முடின்னா?” என்றாள் பத்மா.

அவன் குல்லாயைக் கழற்றினான். அன்றைக்கு அவன் செய்த முதல் ஆண்பிள்ளை வேலை அது. எல்லாம் சொன்னான், போட்டோவிலிருந்து ரேணிகுண்டாவரைக்கும்.

பத்மாவின் நைனா அதுவரை வாய் திறக்காத மனுஷன். “ஏன் மாப்பிள்ள,” என்றார், “நாத்து புடுங்கி நட்டா ஒரு வாரம் பழுத்துக்கினு நிக்கும், அப்பறம் பச்ச புடிக்கும். நீங்களும் கழனி வெச்சிருக்கிறவங்கதான. பழுத்திச்சின்னு நட்ட பொம்பளைய யாராச்சும் தொரத்துவாங்களா? இவ நட்டதுகூட இல்ல.”

அம்மாக்காரி என் பக்கம் திரும்பினாள். “ஒண்ணும் ஆவாதுன்னு நீதான சொன்ன?”

“சொன்னேன்” என்றேன். “தெரியாம சொன்னேன். தப்பு என்னுது. எம்மேல கத்து, நின்னு கேக்கறேன். இவமேல கத்தனதுக்கு இன்னா பண்ணப்போற?”

அம்மாக்காரி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். “உள்ள வா பத்மா. மோர் குடி” என்றாள். அவள் அகராதியில் மன்னிப்புக்கு மோர் என்று பெயர் போல.

பத்மா நகரவில்லை. “நாலு மாசம்னு போட்டுக்கீதா அதுல?”

“ஆமா” என்றான் தணிகாசலம்.

“சரி. உங்க முடி வரட்டும். அதோட வந்து கூப்புடுங்க. அது வர்லன்னாலும் நீங்க வாங்க. அம்மாவ அனுப்பாதீங்க, போட்டோவ அனுப்பாதீங்க.”

திரும்பி நடந்துவிட்டாள். பஸ் நிற்கிற இடம்வரை அவன் பின்னாலேயே வந்தான், குல்லாய் இல்லாமல், ஊர் பார்க்க.

நாலாம் மாசம் பம்பாயிலிருந்து நேராக எங்களிடம்தான் வந்தான். “ஆயா, மொளைச்சிருக்குதா பாரு.” வெளிச்சத்தில் தலையைத் திருப்பிப் பார்த்தேன். கொசகொசவென்று சின்னப் பருக்கள், அவற்றின் நடுவே பூனைமுடி. “இனிமே கொட்டாதே?” என்றான். “எனக்குத் தெரியாது நைனா. தாள்ல இன்னா போட்டுக்கீதோ அதுதான்” என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கே திருச்சானூருக்குப் போனான், போட்டோ இல்லாமல். அவளோடு திரும்பினான்.

உங்கள் கிளினிக்கில் தாளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு வழவழவென்று கொடுக்கிறீர்களாம். மூன்றாம் நாள் வீக்கம், எட்டாம் நாள் அரிப்பு, மூன்றாம் வாரம் கொட்டல், நாலாம் மாசம் முளை, எல்லாம் படம் போட்டு இருக்கிறதாம். யாரும் படிக்க மாட்டார்கள், படித்தவர்கள் நிச்சயமாகப் படிக்க மாட்டார்கள். நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், வாய் தேய்ந்துபோகாது. நட்டுக்கொண்டவனிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். அந்த முடி கொட்டினால் அந்த வீட்டில் யார்மேல் பழி விழும் என்று சுற்றிப் பாருங்கள். புதுப் பெண்டாட்டியோ, எண்ணெய் தேய்த்துவிட்ட அக்காவோ, யாரோ ஒருத்தி இருப்பாள். அவளைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

சில வருஷம் கழித்து சித்தூர் பஸ் ஸ்டாண்டில் அவர்களைப் பார்த்தேன். முன்னாலும் உச்சியிலும் மிச்சமிருந்த அவன் சொந்த முடி எல்லாம் போய்விட்டிருந்தது. நட்டது மட்டும் பொம்மைத் தலை மாதிரி கொத்துக் கொத்தாக, வரிசை தப்பாமல் நின்றது, நடுவில் காற்றுப் போய்வர வழி விட்டு. இரண்டு கையிலும் பை, தோளில் ஒரு முழுப் பலாப்பழம். பத்மா கையை வீசிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“இன்னாம்மா, அன்னிக்கி வெல்லம் புடிச்ச கை இன்னும் வலிக்குதா?” என்றேன்.

“வலிக்குது ஆயா,” என்றாள், பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டு. “அதான் எதையும் தூக்கறதில்ல.”